வலி பொய்யல்ல: ஊரடங்கு நாட்களும் நம் பிள்ளைகளின் சரீரமும்



திருவாமாத்தூரில் நோயாளிகளின் கட்டிலருகே நாங்கள் கண்டும் கேட்டும் வருகிறவற்றை இதழ்தோறும் உங்களோடு பகிர்ந்துகொள்ளுகிறோம். இம்முறை கொரோனா ஊரடங்கு நாட்களில் எங்களிடம் வந்த வளரிளம் பிள்ளைகளைக் குறித்து எழுதுகிறோம். அந்த நாட்கள் கடந்துபோயிற்றே, இப்போது ஏன் என்று நீங்கள் கேட்கலாம். அன்று 14, 15 வயதாயிருந்தவர்கள் இன்று கல்லூரியிலும் வேலையிலும் இருக்கிறார்கள். சிலரை அந்த வலி இன்னும் விட்டபாடில்லை. அன்று அவர்களைப் புரிந்துகொள்ளாதவர்களில் நாங்களும் இருந்தோம்.

ஒரு பிள்ளையின் கதையாக இதைச் சொல்லுகிறோம். ஆனால் அவள் ஒரே பிள்ளை அல்ல. எவரும் அடையாளம் கண்டுகொள்ளக்கூடாது என்பதற்காகப் பல பிள்ளைகளின் கதைகளை ஒன்றாய்ச் சேர்த்திருக்கிறோம்.

பாட்டியும் வயிற்று வலியும்

2020 மார்ச்சில் அவள் ஒன்பதாம் வகுப்பு. தகப்பன் கோயம்பேடு காய்கறிச் சந்தையில் மூட்டை தூக்குகிறவர். தாய் கரும்பு வெட்டுக்கும் மல்லாட்டை பிடுங்கவும் போவாள். பிள்ளையைத் தூக்கி வளர்த்தவள் திண்டிவனம் பக்கத்திலிருந்த பாட்டி. பரீட்சை நாட்களில் பிள்ளைக்கு இலேசாக வயிறு வலிக்கும்; ஓம நீர் குடித்தால் போய்விடும்.

அந்த மார்ச் நடுவில் பள்ளிகள் மூடப்பட்டன. 25ஆம் தேதி முதல் நாடெங்கும் ஊரடங்கு வந்தது. முதல் சில வாரங்கள் அவளுக்கு வலியே இல்லை. மே மாதத்தில் கோயம்பேடு சந்தையில் தொற்று பரவியபோது, அங்கிருந்து ஊர் திரும்பிய தொழிலாளர்களால் விழுப்புரம், கடலூர், அரியலூர் மாவட்டங்களில் தொற்று எண்ணிக்கை சட்டென்று ஏறியது நினைவிருக்கும். தகப்பனும் அப்படித் திரும்பி வந்தவர்தான். தெருவார் அந்த வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்தினார்கள். ஒரே அறையில் ஐந்து பேர்; ஒரே கைபேசி; அதுவும் அண்ணன் கையில்.

ஜூலையில் பாட்டி இறந்துபோனாள். மாவட்டம் தாண்ட இ-பாஸ் வேண்டும். விண்ணப்பித்து, அது கிடைப்பதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. பிள்ளை அழவில்லை. "பெரிய மனுஷியாட்டம் தைரியமா இருக்கா" என்று எல்லாரும் மெச்சினார்கள். பத்து நாள் கழித்து வயிற்று வலி ஆரம்பித்தது. பிறகு தலைவலி, மார்பு இறுக்கம், கைவிரல் மரத்துப்போதல், ஒரு நாள் மயக்கம்.

எங்களிடம் வருவதற்கு முன்பே இரண்டு ஸ்கேன், பல இரத்தப் பரிசோதனைகள், ஒரு தாயத்து எல்லாம் ஆகிவிட்டன. "ஐயா, எல்லாத்தையும் எடுத்துப் பாத்துட்டோம். ஒண்ணுமில்லன்னு சொல்றாங்க. புள்ள துடிக்கிறாளே ஐயா" என்றாள் தாய். தகப்பனோ வாசலிலேயே நின்று, "நடிக்கிறா ஐயா" என்றார்.

மருத்துவம் என்ன சொல்லுகிறது?

அவளுக்கிருந்த நோய்க்கு மருத்துவத்தில் 'சோமாட்டிக் சிம்ப்டம் டிஸார்டர்' என்று பெயர். உடல்சார் அறிகுறிக் கோளாறு என்று தமிழில் சொல்லலாம். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட நோய்ப் பகுப்பில் இப்பெயர் வந்தது. வேதனை தரும் சரீர அறிகுறி ஒன்றோ பலவோ இருக்கவேண்டும். அதைப்பற்றிய பயமும் கவலையும் அளவுக்கு மிஞ்சி, அன்றாட வாழ்வைப் பிடித்துக்கொள்ளவேண்டும். பொதுவாக இந்நிலை 6 மாதத்துக்கு மேல் நீடித்திருக்கவேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2022 முதல் நடப்பிலுள்ள பகுப்பும் இதையொத்த ஒரு நிலையை 'உடல் வேதனைக் கோளாறு' என்ற பொருளில் குறிக்கிறது.

இதில் நாம் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. "பரிசோதனையில் ஒன்றும் தெரியவில்லை, ஆகவே இது மனசு" என்று தீர்ப்பது பழைய வழக்கம். புதிய இலக்கணம் அப்படிச் சொல்லவில்லை. சரீர நோய் உள்ள ஒருவருக்கும் இக்கோளாறு இருக்கலாம். ஆதலால் மருத்துவர் முதலில் முழுமையாகச் சோதிப்பது அவசியம். எடை குறைவு, விடாத காய்ச்சல், மலத்தில் இரத்தம், தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி இவை இருந்தால் மனதின் மேல் பழி போட்டு விட்டுவிடக்கூடாது.

வலி எப்படி உண்டாகிறது? நம் குடலின் சுவரில் கோடிக்கணக்கான நரம்பணுக்கள் உண்டு. அவை மூளையோடு ஓயாமல் செய்தி பரிமாறுகின்றன. பயத்திலும் துக்கத்திலும் குடலின் அசைவு மாறுகிறது, தசைகள் இறுகுகின்றன, இருதயம் வேகமாய் அடிக்கிறது. மூச்சு வேகமாகும்போது இரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது. அதனால் விரல் மரத்துப்போகிறது, தலை சுற்றுகிறது. பிள்ளை அதைக் கண்டு இன்னும் பயப்படுகிறாள். பயத்தில் மூச்சு இன்னும் வேகமாகிறது. இப்படியே நாட்கள் சென்றால், வானொலியின் ஒலியைக் கூட்டி வைத்ததுபோல, சிறு உணர்வையும் மூளை பெரிய வலியாகக் கேட்கப் பழகிவிடுகிறது. அவள் உணர்ந்த வலி மெய்யான வலி. அவள் ஒன்றையும் நடிக்கவில்லை.

ஊரடங்கு இருவிதமாய் வேலை செய்தது

சில பிள்ளைகளுக்கு ஊரடங்கின் ஆரம்பம் நிம்மதியாயிருந்தது. பள்ளியின் நெருக்கமும் மதிப்பெண் பயமும் கேலியும் நின்றுபோக, வலியும் நின்றது. 2020 ஜூன் 9ஆம் தேதி பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வு ரத்தாகி அனைவரும் தேர்ச்சி என்று அறிவிக்கப்பட்டபோது, அந்நாள் வரை தலைவலியில் கிடந்த பிள்ளைகள் எழுந்து உட்கார்ந்ததாகப் பெற்றோர் சொல்லக் கேட்டோம். ஆனால் பயந்ததைச் சந்திக்காமல் தள்ளிப்போட்டால் அந்தப் பயம் வளர்ந்துகொண்டேயிருக்கும். 2021 ஜனவரி 19இல் 10, 12ஆம் வகுப்புகள் திறந்தபோது இப்படிப்பட்ட பிள்ளைகள் வாந்தியோடும் மயக்கத்தோடும் வந்தார்கள். பிறகு இரண்டாம் அலை வந்தது. பள்ளி மறுபடி மூடப்பட்டது. 2021 செப்டம்பர் 1இல் 9 முதல் 12 வரையும், நவம்பர் 1இல் சிறு வகுப்புகளும் திறந்தன. ஒவ்வொரு திறப்பின்போதும் வலி திரும்பி வந்தது.

வேறு பிள்ளைகளுக்கு ஊரடங்கே பாரமாயிற்று. எழும்பும் நேரம், உண்ணும் நேரம், தோழிகளோடு நடக்கும் வழி எல்லாம் போயின. வீட்டில் வருமானம் நின்றது. குடிப்பழக்கமுள்ள வீடுகளில் சண்டை கூடியது. இருமலும் மூச்சுத்திணறலும் மரணத்தின் அறிகுறி என்று தொலைக்காட்சி இரவும் பகலும் சொல்லிக்கொண்டிருக்க, தன் சரீரத்தையே காவல் காக்கிறதைத் தவிர அவர்களுக்கு வேறு வேலை இல்லாமற்போயிற்று. பயத்தினால் வரும் மூச்சிறுக்கமும் கொரோனாவினால் வரும் மூச்சிறுக்கமும் உள்ளே ஒன்றுபோலவே தோன்றுமல்லவா?

பிள்ளைகள் எப்படிச் சமாளித்தார்கள்?

அவர்களிடமே கேட்டோம். பகலெல்லாம் தூங்கியதாகச் சிலர் சொன்னார்கள். விடியும்வரை கைபேசியில் விளையாடினவர்கள் உண்டு. நாடியைப் பத்து நிமிடத்துக்கு ஒருதரம் எண்ணிப்பார்த்தவர்களும், அறிகுறிகளை இணையத்தில் தேடிப் புதுப்புது நோய்களைக் கண்டுபிடித்தவர்களும் உண்டு. இவை அந்நேரத்துக்கு ஆறுதல் தந்தன. மறுநாள் வலியைக் கூட்டின.

வேறு சிலர் ஒருவரும் சொல்லிக்கொடுக்காமலே நல்ல வழிகளைக் கண்டுபிடித்திருந்தார்கள். தினமும் காலையில் கோலம் போடுகிற வேலையைத் தனதாக்கிக்கொண்டவள் ஒருத்தி. ஆடுகளை ஓட்டிக்கொண்டு பம்பை ஆற்றுப்பக்கம் நடந்தவன் ஒருவன். தெருவின் சிறு பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தவள் இன்னொருத்தி. 2021 அக்டோபர் 27இல் நம் மாவட்டத்து மரக்காணம் அருகே தமிழக அரசு 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தைத் தொடங்கியபோது, மாலை வகுப்பில் ஒரு தன்னார்வலர் அக்காளின் அருகே உட்கார்ந்ததிலேயே சில பிள்ளைகளின் முகம் தெளிந்ததைக் கண்டோம். ஒழுங்கான நேரம், சரீரத்துக்கு அசைவு, தன்னை நம்பி ஒரு பொறுப்பு, கேட்க ஒரு செவி என்னும் நான்கும் இந்தப் பிள்ளைகளுக்கு உதவின.

எங்கள் தவறு

இங்கே ஒன்றை அறிக்கையிடவேண்டும். அந்தப் பிள்ளை முதன்முதல் வந்த நாளில் நாங்கள் அவள் தலைமேல் கைவைத்து ஜெபித்து, "விசுவாசமாயிரு அம்மா, வலி போய்விடும்" என்று சொல்லி அனுப்பினோம். வலி போகவில்லை. மூன்றாம் முறை வந்தபோது, "எனக்கு விசுவாசம் பத்தலையா ஐயா?" என்று கேட்டாள். வயிற்று வலியோடு குற்ற உணர்வையும் அவள் மேல் ஏற்றி அனுப்பியிருந்தோம் என்பதை அப்போதுதான் உணர்ந்தோம். வேறொரு இடத்தில் அவளுக்குப் பிசாசு பிடித்திருக்கிறது என்றே சொல்லியிருந்தார்கள். நாங்கள் அவ்வளவு தூரம் போகவில்லை என்று பெருமைப்பட எங்களுக்கு இடமில்லை.

சூரைச்செடியின் கீழ்ப் படுத்துச் சாக விரும்பின எலியாவைத் தேவதூதன் கடிந்துகொள்ளவில்லை. முதலில் அப்பமும் தண்ணீரும் கொடுத்தான், தூங்கவிட்டான், மறுபடியும் கொடுத்தான். ஓரேபிலே ஆண்டவர் அவனிடம் கேள்வி கேட்டது அதற்குப் பிறகுதான். இறையியல் கல்லூரி நாட்களிலிருந்து இந்தப் பகுதியை எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறோம். அதன் ஒழுங்கை அந்தப் பிள்ளையிடம்தான் கற்றுக்கொண்டோம்.

பிறகு என்ன செய்தோம்?

எங்கள் மருத்துவர் முதலில் தகப்பனை உள்ளே அழைத்து உட்காரவைத்தார். "வலி நிஜம். ஆபத்தான நோய் இல்லை. இது குணமாகும், ஆனால் மெல்ல" என்று மூன்று வாக்கியத்தில் சொன்னார். இனி ஒரே மருத்துவரைப் பார்ப்பது, புதிய அறிகுறி ஒன்றும் இல்லாமல் மறுபடி ஸ்கேன் எடுப்பதில்லை என்று தீர்மானித்தோம்.

பேருந்து ஓடாத நாட்களில் தொலைபேசியே மருத்துவமனையாயிற்று. 2020 மார்ச் 25ஆம் தேதியே மத்திய அரசு தொலைமருத்துவ வழிகாட்டுதலை வெளியிட்டிருந்ததால் மருத்துவர் சட்டப்படி அப்படி ஆலோசனை தர முடிந்தது. செவ்வாய்தோறும் மாலை 4 மணிக்கு எங்கள் செவிலிய சகோதரி அழைப்பார். வலி இருந்தாலும் அழைப்பார், இல்லாவிட்டாலும் அழைப்பார். இதுவே சிகிச்சையின் முக்கியமான பாகம். வலித்தால் மட்டுமே கவனிப்பு என்றிருந்தால், கவனிப்புக்கு ஏங்கும் சரீரம் தானறியாமலே வலிக்கக் கற்றுக்கொள்ளும்.

மூச்சை மெதுவாய் விடப் பழக்கினார்கள். "வயிறு வலிக்கிறது, ஆகவே எனக்குப் பெரிய நோய்" என்கிற எண்ணத்தை நிறுத்திக் கேள்வி கேட்கப் பழக்கினார்கள். நாளுக்குப் பத்து நிமிட நடை, பிறகு பதினைந்து. வீட்டார் "வலிக்குதா?" என்று கேட்பதை விட்டு, "இன்னிக்கு என்ன செஞ்சே?" என்று கேட்கவேண்டும். தகப்பனுக்கு இது கஷ்டமாயிருந்தது, ஆனாலும் செய்தார். குடும்பத்தையும் சிகிச்சையில் சேர்ப்பது மிஷன் மருத்துவமனைகளுக்குப் புதிதல்ல. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் பாகாயம் மனநல மையத்தில் நோயாளியோடு குடும்பத்தாரையும் தங்கவைத்துக் கற்பிக்கும் வழக்கம் நெடுங்காலமாய் உண்டு.

ஆறாவது செவ்வாயில் அவள் பாட்டியைப் பற்றிப் பேசினாள். "கடைசியா மொகத்தக்கூடப் பாக்கலக்கா" என்று சொல்லி முதன்முதலாய் அழுதாள். வலி அன்றே போய்விட்டது என்று எழுதினால் அது பொய்யாகும். பள்ளி திறந்தபோது மறுபடி வந்தது. முதலில் அரைநாள், பிறகு முழுநாள் என்று ஆசிரியை அனுமதித்தார். இப்போதும் எப்போதாவது வருகிறது. ஆனால் அதைக் கண்டு அவள் பயப்படுவதில்லை.

நீங்கள் செய்யக்கூடியது

இவ்விதழில் உங்களிடம் காணிக்கை கேட்கவில்லை. உங்கள் சபையில், உங்கள் உறவில், காரணம் தெரியாத வலியோடு ஒரு பிள்ளை இருக்கக்கூடும். அவளிடம் "நடிக்கிறாய்" என்று சொல்லாதிருங்கள். "விசுவாசம் போதாது" என்று சொல்லவே வேண்டாம். மருத்துவரிடம் ஒருமுறை முறையாகக் காட்டுங்கள். பிறகு மருத்துவமனை மருத்துவமனையாக அலையாதிருங்கள். பள்ளியிலிருந்து நிறுத்தாதிருங்கள். சாக விரும்புவதாக ஒரு வார்த்தை சொன்னாலும் அதை அற்பமாய் எண்ணாமல் அன்றே உதவி தேடுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மனஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் இலவசமாய் அழைக்கலாம், தமிழிலும் பேசுவார்கள். 1098 சிறுவர் உதவி எண்ணும் உண்டு.

ஜெபியுங்கள். அதோடு, உங்கள் தெருவில் ஒரு பிள்ளைக்காக வாரத்தில் ஒரு மணி நேரத்தை ஒதுக்கி வையுங்கள். அவளுக்கு வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த நேரத்தில் போய் அருகே உட்காருங்கள்.

ஆண்டவருடைய ஊழியத்தில்,
உங்கள் மருத்துவமனைக் குருவானவரும் உடன் ஊழியரும்