மூன்று சக்கர வண்டியைத் திருப்ப எக்செல் உதவுமா?

திமிரியில் எங்கள் தெரு அண்ணன் ஒருவர், பக்கவாட்டுச் சக்கரங்கள் பொருத்திய ஸ்கூட்டரில் கடைக்குப் போய் வருகிறார். "வளைவுல ஹேண்டிலைத் திருப்பினா தோள்பட்டையே வலிக்குது தம்பி" என்றார். இரு சக்கர வண்டி சாய்ந்து திரும்பும்; இது சாயாது. முழு வேலையும் கைக்குத்தான்.

ஹேண்டில் திரும்பும் அச்சைத் தரைவரை நீட்டினால், டயர் தரையைத் தொடும் இடத்துக்கு முன்னால் விழும். இந்த இடைவெளிதான் 'டிரெயில்'. இது கூடினால் வண்டி நேராக ஓடும். ஆனால் திருப்புவது கனமாகும்.

இதை எக்செல்லில் கணக்கிடலாம். டயரின் ஆரத்தை, அச்சின் சாய்வுக் கோணத்தின் சைனால் பெருக்குங்கள். அச்சிலிருந்து சக்கர மையம் முன்தள்ளியிருக்கும் தூரத்தைக் கழியுங்கள். கோசைனால் வகுங்கள்.

ஆரம் 215 மி.மீ., சாய்வு 27 டிகிரி, முன்தள்ளல் 20 மி.மீ. என்று கொடுத்தேன். விடை மைனஸ் 635! எக்செல்லுக்கு டிகிரி புரியாது. கோணத்தை 'ரேடியன்ஸ்' ஃபங்ஷனுக்குள் போட வேண்டும். போட்டதும் 87 மி.மீ. வந்தது. முன்தள்ளலை 45 ஆக்கினால் 59தான்.

உடனே வெல்டிங் கடைக்கு ஓடாதீர்கள். டிரெயில் மிகவும் குறைந்தால் வேகத்தில் ஹேண்டில் ஆடும். வண்டியில் இப்படி மாற்றம் செய்ய ஆர்.டி.ஓ. அனுமதியும் தேவை. அண்ணன் வண்டியில் முதலில் முன் டயரின் காற்றைப் பார்த்தோம். குறைவாக இருந்தது. நிரப்பியதுமே பாரம் கொஞ்சம் குறைந்தது. மீதிக்கு, கணக்கைப் பிரிண்ட் எடுத்து மெக்கானிக்கிடம் கொடுத்திருக்கிறோம்.