ஒரு கையால் நிரல் எழுதுவது எப்படி?

2009 ஆம் ஆண்டு எறிகணை வீச்சில் எனது இடது கையை இழந்தேன். இன்று பைதன் மொழியில் கணினி நிரல் எழுதுவதே எனது தொழில். ஒரு கையால் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று பலர் கேட்கிறார்கள். என்னைப் போன்ற நிலையில் உள்ள எமது பிள்ளைகளுக்கும் பயன்படட்டும் என்று இதை எழுதுகிறேன்.

நிரலில் எழுத்துக்களை விடக் குறியீடுகள்தான் சிரமம். அடைப்புக்குறி, முக்காற்புள்ளி போன்றவற்றுக்கு ஷிப்ட் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டும். விண்டோஸ் கணினியில் ஷிப்ட் விசையை 5 தடவை தட்டினால் ஸ்டிக்கி கீஸ் வசதியை இயக்கலாம். அதன்பின் விசைகளை ஒன்றன்பின் ஒன்றாக அழுத்தினாலே போதும்.

நான் பயன்படுத்துவது ஈமாக்ஸ் என்ற இலவச உரைத்தொகுப்பி. ரிச்சர்ட் ஸ்டால்மனின் குனு திட்டத்தில் 1985 இல் வெளிவந்தது. பைதன் கோப்பொன்றைத் திறந்ததும் அது தானாகவே பைதன் மோடுக்கு மாறிவிடும். பைதனில் வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளியும் இலக்கணமே. அது பிழைத்தால் நிரலும் பிழைக்கும். முக்காற்புள்ளியில் முடியும் வரிக்குப்பின் என்டர் தட்டினால், இந்த மோட் அடுத்த வரியை 4 இடம் உள்ளே தள்ளித் தரும். டாப் விசையைத் திரும்பத் திரும்பத் தட்டி வேறு நிலைக்கும் மாற்றலாம்.

இதனுடன் நான் மூன்று மாற்றங்களைச் செய்துள்ளேன்.

முதலாவது, எலக்ட்ரிக் பெயார் மோட். திறக்கும் அடைப்புக்குறியைப் போட்டால் மூடும் குறி தானாக விழும்.

இரண்டாவது, அப்ரெவ் மோட். பி, ஆர் என்ற இரண்டு எழுத்துக்களை அடித்து இடைவெளி விடுவேன். 'பிரின்ட்' என்ற முழுச்சொல்லும் வந்துவிடும். புதிய சுருக்கம் சேர்க்க, முழுச்சொல்லை அடித்தபின் கொன்ட்ரோல்-எக்ஸ், பிறகு ஏ, எல் அழுத்திச் சுருக்கத்தைக் கொடுக்க வேண்டும். அது பைதன் மோடில் மட்டுமே வேலை செய்யும். கடிதம் எழுதும்போது குறுக்கிடாது.

மூன்றாவது, எஃப்5 விசை. நிரலை ஓடவிட கொன்ட்ரோல்-சி இரண்டு தடவை அழுத்த வேண்டும். அந்தக் கட்டளையை எஃப்5 விசைக்கு மாற்றிவிட்டேன். வேலை தொடங்கும்போது கொன்ட்ரோல்-சி, கொன்ட்ரோல்-பி அழுத்தி பைதனை ஒரு தடவை தொடக்கி வைத்தால் போதும்.

இவற்றை ஈமாக்ஸ் தொடங்கும்போது படிக்கும் கோப்பில், பைதன் மோட் ஹூக் என்ற இடத்தில் எழுதி வைத்துள்ளேன். ஹூக் என்பது, அந்த மோட் தொடங்கும் ஒவ்வொரு முறையும் செய்யவேண்டிய வேலைகளின் பட்டியல்.

மூன்றையும் ஒரே நாளில் செய்ய வேண்டாம். உங்களுக்கு அதிகம் வலிக்கும் விசை எதுவென்று ஒரு கிழமை கவனியுங்கள். அதை முதலில் மாற்றுங்கள். மாலையில் தோள் வலியால் கணினியை மூடிவைத்த காலம் எனக்கும் இருந்தது. இப்போது வேலை முடிந்த பிறகுதான் மூடுகிறேன்.