சாரதியற்ற வண்டியும் ஜனங்களின் வீதியும்

மோட்டார் வண்டிகள் சாரதியின்றித் தாமே ஓடுவது இனிக் கட்டுக்கதையன்று. அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரத்தில் 2020-ஆம் ஆண்டு முதல் வேமோ கம்பெனியின் வண்டிகள், முன் ஆசனத்தில் ஒருவருமின்றிப் பொதுஜனங்களை வாடகைக்கு ஏற்றிச் செல்கின்றன. நம் தேசத்தில் 2020 டிசம்பர் 28-ஆம் தேதி டில்லி மெட்ரோவின் மெஜந்தா மார்க்கத்தில் ஓட்டுநரில்லா ரயில் முறை தொடங்கிற்று. சென்னையில் இரண்டாம் கட்ட மெட்ரோவுக்காகச் செய்யப்பட்ட இத்தகைய ரயில் 2025 மார்ச்சில் பூந்தமல்லிக்கும் முல்லைத்தோட்டத்துக்கும் இடையே சோதிக்கப்பட்டது. ஆகவே, "வருமா?" என்று வினவும் காலம் கடந்துவிட்டது. எந்த நிபந்தனையின் மேல், யாருடைய நன்மைக்காக வருவது என்பதே இப்பொழுது நம் முன்னுள்ள கேள்வி.

இதனை ஆதரிப்போரின் வாதத்தில் வலுவில்லாமல் இல்லை. 2022-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவின் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டனர். தமிழ்நாட்டில் 17,884 பேர். இம்மரணங்களில் பத்தில் ஏழுக்கு அதிவேகமே காரணமென்று சர்க்கார் அறிக்கை கூறுகிறது. யந்திரம் கள்ளுண்பதில்லை, உறங்குவதில்லை, கோபத்தால் முந்திச் செல்வதுமில்லை. ஆனால் மாண்டவர் யாவர்? நூற்றுக்கு 44 பேர் இருசக்கர வண்டிக்காரர். சுமார் 20 பேர் பாதசாரிகள். யந்திரத்தின் திறமையை இவர்களுடைய பாதுகாப்பைக்கொண்டே அளக்கவேண்டும். உள்ளே அமர்ந்திருப்பவனின் சௌகரியத்தைக்கொண்டு அளத்தல் தகாது.

2021-இல் சிவகாசி மாநகராட்சியோடு இணைக்கப்பட்ட திருத்தங்கலை எடுத்துக்கொள்வோம். விடியற்காலையில் கிராமங்களிலிருந்து தொழிலாளிகளை ஏற்றிக்கொண்டு ஆலை பஸ்களும் வேன்களும் வருகின்றன. பட்டாசுப் பெட்டிகளும் அச்சுக் காகிதமும் ஏற்றிய லாரிகள், ஷேர் ஆட்டோக்கள், சைக்கிள்கள், ஆடுமாடுகள் யாவும் ஒரே பாதையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. மெட்ரோ ரயிலுக்குத் தனிப் பாதையுண்டு, அதில் குறுக்கிடுவாரில்லை. இங்கோ கண்சாடையும் கைச்சைகையுமே பாதி விதிகள். பட்டாசு ஏற்றிய வண்டியில் புகை கண்டால், அதை ஜனசந்தடியிலிருந்து விலக்கி நிறுத்துகிறவன் சாரதியே. பீனிக்ஸின் அகன்ற வீதிகளில் தேறிய வண்டி இவ்வீதியிலும் தேறிவிட்டதாகக் கொள்வது அறிவீனம்.

மத்திய மந்திரி ஸ்ரீ நிதின் கட்காரி, சாரதிகளின் ஜீவனம் போய்விடுமென்று சொல்லி, 2017-லும் 2023-லும் இவ்வண்டிகளை அனுமதியோமென்றார். அவர் கவலை நியாயமானதே. எனினும் மந்திரியின் வாக்குறுதி சட்டமாகாது. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்க்கப்பட்ட 2-பி பிரிவு, புதுமையையும் ஆராய்ச்சியையும் வளர்க்கும்பொருட்டுச் சிலவகை வண்டிகளுக்கு அச்சட்டத்திலிருந்தே விலக்களிக்க மத்திய சர்க்காருக்கு அதிகாரம் தருகிறது. இன்று மறுக்கப்படுவது நாளை ஓர் உத்தரவினால் வந்துவிடலாம்.

அவ்வாறு வந்தபின் ஒரு பாதசாரி அடிபட்டால் பதில் சொல்பவர் யார்? 2018 மார்ச்சில் அமெரிக்காவின் டெம்பி நகரத்தில், ஊபர் கம்பெனி சோதித்த வண்டி மோதிச் சாலையைக் கடந்த ஒரு பெண் இறந்தாள். கம்பெனியின் மேல் குற்ற வழக்கு தொடரப்படவில்லை. வண்டியைக் கவனிக்க அமர்த்தப்பட்ட ஊழியர் மேலேயே தொடரப்பட்டது. இலாபம் முதலாளிக்கு, தண்டனை கூலிக்காரருக்கு என்னும் இந்த நியாயம் நமக்கு வேண்டாம். பிரிட்டன் 2024-இல் இயற்றிய சட்டம், வண்டி தானே ஓடும்போது அதன் ஓட்டத்துக்கு அனுமதி பெற்ற ஸ்தாபனத்தையே பொறுப்பாளியாக்குகிறது. நம் பார்லிமெண்டும் விலக்களிக்குமுன் இதனைச் சட்டமாக்கவேண்டும்.

நகர வாழ்க்கையையும் யோசிக்கவேண்டும். செல்வர்கள் தனித்தனியே இவ்வண்டிகளை வாங்கினால், எஜமானனை இறக்கிவிட்ட வண்டி வெறுமையாகவே தெருவைச் சுற்றும்; நெருக்கடி பெருகும். பலர் ஏறும் சிறு பஸ்ஸாக ஓடினாலோ, சாரதி கிடைக்காத பின்னிரவிலும் ஆலைத் தொழிலாளி வீடு சேரலாம். 2021 முதல் நகர பஸ்களில் பெண்கள் கட்டணமின்றிச் செல்வதால் வந்த நன்மையை யாவரும் அறிவர். புதிய யந்திரமும் அவ்வழியிலேயே முதலில் உபயோகமாகட்டும்.

ஆகவே நாம் கோருவன மூன்று: முதலில் பொது வண்டி, பிறகே தனி வண்டி, விபத்துக்குக் கம்பெனியே ஜவாப்தாரி, வேலை இழக்கும் சாரதிக்கு அந்த வண்டிகளின் பராமரிப்பிலும் மேற்பார்வையிலும் முதலுரிமை. வோட்டுக் கேட்டு வரும் ஒவ்வோர் அபேட்சகரிடமும் நம் ஊழியர்கள் இம்மூன்றையும் கேட்கவேண்டும். வண்டி சாரதியின்றி ஓடலாம். பொறுப்பாளியின்றி ஓட நாம் இடங்கொடுத்தலாகாது.