ஆறு கோலா, மூன்று கோலா?
தியான் சந்தின் புகழும் பழம் பத்திரிகைகளும்

சென்ற தவணையில் ஒருநாள், 'விடாமுயற்சி' என்னும் பொருள் பற்றிக் கட்டுரை வரையுமாறு மாணாக்கரைப் பணித்து, எடுத்துக்காட்டாக ஹொக்கி வீரர் தியான் சந்தின் கதையைக் கூறினேன். 1936ஆம் ஆண்டு பேர்லின் ஒலிம்பிக் இறுதியாட்டத்தில் அவர் காலணியைக் கழற்றி எறிந்து வெறுங்காலுடன் ஆடியதும், தாம் ஒருவராகவே ஆறு கோல்களை அடித்ததும், ஹிட்லர் அவரை அழைத்துத் தம் படையில் உயர்பதவி தர முன்வந்ததும், அவர் அதனை மறுத்ததும் ஆகிய அனைத்தையும், இருபது ஆண்டுகளாகச் சொல்லிவரும் முறையிலேயே சொல்லி முடித்தேன். பின்வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, இதை எந்த நூலிற் பார்க்கலாம்?" என்று பணிவோடு வினவினான்.

எனக்கு விடை கூற இயலவில்லை. செய்யுளுக்குப் பொருள் கூறும் மாணாக்கனை இடைமறித்து, "மேற்கோள் எங்கே?" என்று கேட்கும் வழக்கமுடையவன் நான். அக்கேள்வி என்னிடமே திரும்பி வந்தபொழுது வெட்கமுற்றேன். விடுமுறையிற் கொழும்புக்குச் சென்று பழம் பத்திரிகைக் கட்டுகளைப் புரட்டினேன். சென்னையிலுள்ள நண்பர் ஒருவரும் வேண்டிய பகுதிகளைப் படியெடுத்து அனுப்பி உதவினார். அம்முயற்சியின் பயனை வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் கலித்தொகை முதலிய நூல்களைப் பதிப்பித்த காலத்து, ஓர் ஏட்டையே நம்பி அமையாது, பல ஏடுகளை ஒப்புநோக்கினார்கள். பத்திரிகையும் ஓர் ஏடே. முற்பட்ட ஏடு என்பது பற்றி அதிற் பிழை இல்லாதொழியாது. அங்கும் எழுதினோன் மயக்கமும் உண்டு, அணியும் உண்டு.

அணிக்கு எடுத்துக்காட்டு நம் நாட்டிலேயே கிடைத்தது. 1932இல் லொஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக்குக்குச் செல்லும் வழியில் இந்திய அணி இலங்கையில் இரண்டு ஆட்டங்கள் ஆடிற்று. ஒன்றில் 20 கோல்களும் மற்றதில் 10 கோல்களும் அடித்தது. நம்மவர் ஒன்றுகூடத் திருப்பி அடித்திலர். அன்று மழை அச்சுறுத்திப் பின்னர் மேகம் கலைந்தது. அதனை, வானிலைத் தெய்வமும் அவ்வீரர்தம் கலைக்கு வணக்கஞ் செய்ததாகப் பத்திரிகை வருணித்தது. இயல்பாய் நிகழ்ந்ததற்குத் தாமொரு காரணம் கற்பிப்பது தற்குறிப்பேற்றம் என்பதை நம் மாணாக்கர் அறிவர். கட்டுக்கதையின் முதல் விதை மறுநாட் செய்தியிலேயே விழுந்துவிடுகிறது.

இனிப் பேர்லினுக்கு வருவோம். வெறுங்காற் கதையை முதலில் நோக்குவோம். மழையால் ஒருநாள் பிற்போடப்பட்ட இறுதியாட்டம் ஆகஸ்ட் 15இல் நடைபெற்றது. அதனைப் பற்றிச் சென்னை 'இந்து' நாளிதழ் வெளியிட்ட செய்தி, தியான் சந்த் ஆணிவைத்த காலணியையும் நீண்ட காலுறையையும் நீக்கி, இறப்பர் அடியுள்ள காலணியுடன் ஆடினார் என்கிறது. உறையின்றி இருந்தது கால். வெறுமையாய் இருந்தது பாதமன்று. 'வெறுங்கால்' என்ற சொல்லின் இருபொருளே கதையாக வளர்ந்தது போலும்.

அடுத்தது கோற் கணக்கு. இந்தியா 8, ஜேர்மனி 1 என்பதில் ஐயமில்லை. பிற்காலக் கட்டுரைகள் பல, அவ்வெட்டில் ஆறினைத் தியான் சந்துக்கே உரிமையாக்குகின்றன. ஆனால் ஆட்டத்தின் கோற் பட்டியலோ, அவருக்கு 3, தாராவுக்கு 2, ரூப் சிங், டப்செல், ஜபார் ஆகியோருக்கு ஒவ்வொன்று என வகுக்கிறது. கூட்டிப் பார்த்தால் எட்டு வருகிறது. தலைவருக்கு ஆறு கொடுப்போமாயின் எஞ்சிய இரண்டை நால்வருக்குப் பங்கிட வேண்டும்! யாரோ இருவருடைய உழைப்பை அழித்தாலன்றி அக்கணக்கு நேராகாது.

மூன்றாவது, ஹிட்லரின் அழைப்பு. 1952இல் வெளிவந்த 'கோல்' என்னும் தன்வரலாற்றில் தியான் சந்த் பேர்லின் பயணத்தை எழுதியிருக்கிறார். அவ்வழைப்புப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. தம் வாழ்வின் மிகப்பெரிய மறுப்பை ஒருவர் மறந்துவிட்டார் எனக் கொள்வது பொருந்துமா?

இவற்றை நீக்கியபின் அவர் புகழில் எஞ்சுவது யாது என்று அன்பர்கள் கேட்கலாம். நானும் அஞ்சியே கேட்டேன். 1928இல் அம்ஸ்ரர்டாமில் ஐந்து ஆட்டங்களில் இந்தியா அடித்த 29 கோல்களுள் 14 அவருடையவை. அது எஞ்சுகிறது. பேர்லினில் போட்டி தொடங்குமுன் பயிற்சியாட்டம் ஒன்றில் ஜேர்மனியரிடம் 4-1 எனத் தோற்ற அணியைத் தலைவராய் நின்று மீட்டு, அதே ஜேர்மனியரை வென்ற திறம் எஞ்சுகிறது. இடைவேளையில் ஒரேயொரு கோலே முன்னணி. மற்றை ஏழும் பின்பாதியில் வந்தன. போட்டி முழுவதிலும் இந்தியா 38 கோல்களை அடித்து ஒன்றையே கொடுத்தது. விடாமுயற்சிக்கு இவற்றினும் சிறந்த எடுத்துக்காட்டு வேறு வேண்டுவதில்லை.

மற்றொன்றும் எஞ்சுகிறது, அதுவே என் உள்ளத்தைத் தைத்தது. கதை மறைத்த தோழர்கள் செய்தித்தாளில் வெளிப்படுகிறார்கள். ஜேர்மனியரின் தாக்குதலைத் தடுத்து நின்ற அலன், டப்செல், முகம்மது உசேன் ஆகிய மூவரையும் அந்நாட் செய்தி பெயர் சுட்டிப் பாராட்டுகிறது. என் வகுப்பில் அப்பெயர்களை நான் ஒருநாளும் உச்சரித்ததில்லை. 1932இல் ஐக்கிய அமெரிக்காவை 24-1 என வென்ற ஆட்டத்தில் தியான் சந்த் 8 கோல் அடிக்க, அவர் தம்பி ரூப் சிங் 10 அடித்தார். அப்போட்டியின் இரண்டு ஆட்டங்களையும் சேர்த்தால் தம்பிக்கு 13, தமையனுக்கு 12. பயிற்சியாட்டத் தோல்விக்குப்பின் அவசரமாக அழைக்கப்பட்டு வந்த தாரா, பின்னாளில் 1948 ஒலிம்பிக்கிற் பாகிஸ்தான் அணிக்குத் தலைமை தாங்கினார். நாடு இரண்டானபின் அவரை நினைவுகூர இந்தியப் பக்கத்தில் ஆளில்லாது போயிற்று.

ஒருவரைப் புகழ்வதற்காகப் பிறர் பங்கை எடுத்து அவர் பெயரில் ஏற்றுதல், ஒரு புலவர் பாடலை வேறொருவர் பெயரில் அச்சிடுதலை ஒக்கும். தியான் சந்துக்கு அத்தகைய இரவற் புகழ் வேண்டுவதில்லை.

பாடசாலை திறந்த முதல்நாள், பழைய கட்டுரைக் கொப்பிகளைத் திரும்ப வாங்கினேன். "அன்று நான் கூறியவற்றில் மூன்று பிழைகள் உண்டு" என்று சொல்லி, அம்மூன்றையும் கரும்பலகையில் எழுதினேன். அவற்றின்கீழ் அந்த எட்டுக் கோல்களையும் அடித்த ஐவரின் பெயர்களையும் எழுதினேன். வினாவிய மாணவன் தலைகுனிந்திருந்தான். தவறு செய்துவிட்டதாக எண்ணினான் போலும். அவனை எழுப்பி, ஐந்து பெயர்களையும் உரக்க வாசிக்கச் சொன்னேன்.