சயாமீஸ் பூனை வளர்ப்பு: வாங்கும் முன் விவசாயிகள் தெரிந்துகொள்ள வேண்டியவை

நாட்டுப் பூனைக்கு நாம் தனியாக எதுவும் செய்வதில்லை. மீந்த சோற்றில் கொஞ்சம் பால் ஊற்றி வைப்போம். மீதி இரையை அது வயலிலும் வைக்கோல் போரிலும் தானே தேடிக்கொள்ளும். சயாமீஸ் பூனையையும் அப்படியே வளர்க்கலாம் என்று நினைத்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். இது ஆளோடு ஒட்டி வாழும் இனம். பிள்ளைகள் ஆசைப்பட்டுக் கேட்டால், வாங்கும் முன் கீழே உள்ளவற்றைத் தெரிந்துகொள்ளுங்கள்.

தோற்றமும் நிறமும்

தாய்லாந்து நாட்டின் பழைய பெயர் சயாம். அங்கிருந்து வந்ததால் இந்தப் பெயர். 1871-ல் லண்டனில் நடந்த பூனைக் கண்காட்சியில் இடம்பெற்ற பிறகு மற்ற நாடுகளுக்கும் பரவியது. ஒல்லியான நீண்ட உடல், குட்டையான வழுவழுப்பான முடி, நீலக் கண்கள் ஆகியவை இதன் அடையாளங்கள். வளர்ந்த பூனை சுமார் 3 முதல் 5 கிலோ எடை இருக்கும்.

குட்டி பிறக்கும்போது ஏறக்குறைய வெள்ளையாக இருக்கும். இதன் உடலில் கருமை நிறம் குளிர்ச்சியான இடங்களில் மட்டுமே உருவாகும். அதனால் சில வாரங்களில் காது, முகம், கால், வால் ஆகியவை கருக்கத் தொடங்கும். சூடான நடு உடல் வெளிறியே இருக்கும். சிகிச்சைக்காக முடி மழித்த இடத்தில் கருப்பாக முளைத்தாலும் பயப்பட வேண்டாம், அது நோய் அல்ல.

குணம்

சயாமீஸ் பூனை நிறையக் கத்தும். குரலும் கனமாக இருக்கும். நீங்கள் போகும் இடமெல்லாம் பின்னாலேயே வரும், மடியில் ஏறிப் படுக்கும். காலையில் எல்லோரும் வயலுக்குப் போய் மாலையில்தான் திரும்புவீர்கள் என்றால், இதைத் தனியாக வளர்க்க வேண்டாம். தனிமையில் தன் முடியையே நக்கி நக்கி வழுக்கையாக்கிக்கொள்ளும். துணி, சாக்கு, கயிறு ஆகியவற்றைக் கடித்து விழுங்கும் பழக்கமும் இந்த இனத்தில் அதிகம். விழுங்கிய நார் குடலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. பெரியவர்களோ குழந்தைகளோ எப்போதும் இருக்கும் வீடு, அல்லது கூட இன்னொரு பூனை இருக்கும் வீடுதான் இதற்கு ஏற்றது.

எலி பிடிக்குமா என்று கேட்பீர்கள். பிடிக்கும். ஆனால் எலிக்காக மட்டும் காசு கொடுத்து இதை வாங்க வேண்டாம். அந்த வேலைக்கு நம் நாட்டுப் பூனையே போதும்.

தீவனம்

பூனைக்கு இறைச்சிதான் முக்கிய உணவு. டாரின் என்ற சத்து இறைச்சியிலும் மீனிலும்தான் உள்ளது. அது குறைந்தால் கண் பார்வையும் இதயமும் கெடும். எனவே பால் சோறு மட்டும் போதாது. பால் பல பூனைகளுக்கு வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும். கோழி இறைச்சி, ஈரல், மீன் ஆகியவற்றை உப்பு, காரம், வெங்காயம், பூண்டு சேர்க்காமல் வேகவைத்து, முள்ளும் எலும்பும் நீக்கிக் கொடுங்கள். ஈரலை அளவாக, எப்போதாவது கொடுத்தால் போதும். வேகவைத்த தண்ணீரில் டாரின் கரைந்துவிடும் என்பதால் அதையும் சேர்த்து ஊற்றுங்கள். முடிந்தால் பூனைக்கான தீவனத்தையும் கலந்து கொடுக்கலாம். நாய்த் தீவனம் கூடாது.

பண்ணையில் உள்ள ஆபத்துகள்

மாட்டு உண்ணிக்கு நாம் பயன்படுத்தும் டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின், நாய் உண்ணிக்குப் போடும் பெர்மெத்ரின் ஆகியவை பூனைக்கு விஷம். மாட்டுக்குக் கேடு செய்யாத மருந்தைப் பூனையின் கல்லீரலால் எளிதில் முறிக்க முடியாது. மருந்து தெளித்த மாட்டின் மேல் படுத்துவிட்டுத் தன் உடலை நக்கினாலும் ஆபத்துதான். எனவே மருந்து தெளிக்கும் நாளில் பூனையை வீட்டுக்குள் அடைத்து வையுங்கள். எச்சில் வடிந்து உடல் வெட்டி வெட்டி இழுத்தால், வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி உடனே மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

காய்ச்சலுக்கு நாம் போடும் பாராசிட்டமால் மாத்திரையையும் கொடுக்கக் கூடாது. ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். எலி மருந்து வைத்திருந்தால், அதைத் தின்ற எலியைப் பூனை பிடித்துத் தின்னும் வாய்ப்பு உண்டு. எனவே எலி மருந்தையும் பூனையையும் ஒரே இடத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம். இந்த இனத்துக்கு ஆஸ்துமாவும் வரக்கூடும். ஆகையால் உமி, தவிடு, வைக்கோல் தூசி பறக்கும் இடத்தில் படுக்க விடாதீர்கள்.

தடுப்பூசியும் கருத்தடையும்

* தாயிடம் 12 வாரம் வளர்ந்த குட்டியாகப் பார்த்து வாங்குங்கள்.
* கூட்டுத் தடுப்பூசியை 6 முதல் 8 வார வயதில் தொடங்க வேண்டும். விற்பவரிடம் அதற்கான அட்டையைக் கேட்டு வாங்குங்கள்.
* 3 மாத வயதில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பின்னர் மருத்துவர் சொல்லும் இடைவெளியில் தொடருங்கள்.
* குடற்புழு நீக்க மருந்தை எடைக்கு ஏற்ற அளவில் மருத்துவர் மூலமே கொடுக்க வேண்டும்.
* பெண் பூனை 5 மாதத்திலேயே பருவத்துக்கு வரலாம். அப்போது இரவெல்லாம் கத்தும். குட்டி வேண்டாம் என்றால் அதற்குள் கருத்தடை அறுவை சிகிச்சை செய்துவிடுங்கள்.
* எந்தப் பூனை கடித்தாலும் கீறினாலும் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்லுங்கள்.

இந்தப் பூனை 15 ஆண்டுகள் வரைகூட வாழும். இன்று கேட்கும் பிள்ளை படித்து முடித்து வேலைக்குப் போன பிறகும் வீட்டில் இருக்கும். அதுவரை பார்த்துக்கொள்ள ஆள் உண்டு என்றால் தாராளமாக வாங்குங்கள். இல்லையென்றால் நாட்டுப் பூனை ஒன்றை எடுத்துத் தடுப்பூசி போட்டு வளர்ப்பதே நல்லது. சந்தேகம் இருந்தால் அருகில் உள்ள அரசு கால்நடை மருந்தகத்தை அணுகவும்.