தொலைக்காட்சி மங்கலா, கண் மங்கலா?

மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் கண் மருத்துவப் பிரிவில் ஒரு கேள்வி தவறாமல் எழும். "டாக்டர், அப்பாவுக்கு டி.வி. சரியாகத் தெரியவில்லை என்கிறார். வைகுண்ட ஏகாதசிக்குள் பெரியதாக ஒன்று வாங்கிவிடலாமா?" திருவரங்கத்தில் விடியற்காலையில் பரமபத வாசல் திறக்கும் காட்சியை, நெரிசலுக்குள் செல்ல இயலாத முதியவர்கள் வீட்டிலிருந்தே நேரலையில் காண்கின்றனர். ஆகவே அது நியாயமான கேள்விதான். ஆயினும் கடைக்குச் செல்லும் முன் ஒரு சோதனையைச் செய்யுமாறு நாங்கள் சொல்வது வழக்கம்.

செலவில்லாத சோதனை

செய்தி ஓடும்போது, வழக்கமான கண்ணாடியை அணிந்தபடி ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடி, திரையின் அடியில் ஓடும் எழுத்தைப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு மறு கண்ணால் படிக்கட்டும். ஒரு கண்ணில் மட்டும் மங்கலாக இருந்தாலோ, வீட்டில் மற்றவர்களுக்குத் தெளிவாகத் தெரியும் படம் அவருக்கு மட்டும் புகைபடிந்தது போல் தோன்றினாலோ, குறை பெட்டியில் இல்லை. முதியவர்களிடம் இதற்கு மிகப் பொதுவான காரணம் கண்புரை. திரையின் நேரான விளிம்பு வளைந்து தெரிந்தால் விழித்திரையின் மையப் பகுதியை விரைவில் பரிசோதிக்க வேண்டும். பார்வை திடீரென மங்கினால் அன்றே மருத்துவரிடம் வந்துவிடுங்கள். நீரிழிவு உள்ளவர்கள், படம் தெளிவாகத் தெரிந்தாலும், ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரைப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். தொடக்கத்தில் அந்நோய் எந்த அறிகுறியும் காட்டாது.

தவணையில் 55 அங்குலப் பெட்டி வாங்கிய பிறகும் மங்கல் நீங்காமல், முற்றிய புரையுடன் எங்களிடம் வந்தவர் உண்டு. அறுவை சிகிச்சைக்குப் பின் அவருடைய மகன், "பழைய டி.வி.யே போதுமாயிருந்திருக்கும்" என்றார். அதற்குள் அதை விற்றுவிட்டிருந்தார்கள்.

கண் சரியாக இருந்தால், எதை வாங்குவது?

2006-இல் தமிழக அரசு இலவசமாக வழங்கத் தொடங்கிய 14 அங்குல வண்ணப் பெட்டிதான் பல வீடுகளில் முதல் தொலைக்காட்சி. அதை அருகில் அமர்ந்து பார்த்தோம். இன்றும் அளவைத் தீர்மானிப்பது தூரமே. திரையின் அங்குல அளவைப் போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு தூரத்தில் அமர்வது வசதியானது. 32 அங்குலத்துக்கு 4 முதல் 5 அடி. 43 அங்குலத்துக்கு ஐந்தரை முதல் 7 அடி. சிறிய அறைக்கு 32, கூடத்துக்கு 43 பெரும்பாலும் போதும்.

அடுத்தது, '4கே' என்ற சொல். 6/6 பார்வையுள்ள கண், ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு இடைவெளியைத்தான் பிரித்தறியும். 7 அடியிலிருந்து பார்த்தால், 43 அங்குல 'ஃபுல் எச்.டி.' திரையின் புள்ளிகளே அந்த அளவுக்குள் அடங்கிவிடும். அதைவிட நுண்ணிய புள்ளிகளுக்காகக் கூடுதல் பணம் தருவதில் அங்கே பெரும் பயனில்லை. விலை ஏறத்தாழ ஒன்றே எனில் 4கே வாங்கலாம். அதற்காகக் கடன் வாங்க வேண்டாம்.

மலைக்கோட்டையைச் சுற்றியுள்ள கடைத்தெருவானாலும் தில்லைநகரானாலும், கடையில் ஓடும் காட்சி விற்பனைக்கென்றே தயாரித்த படமாக இருக்கும். வண்ணத்தையும் ஒளியையும் மிகையாக ஏற்றி வைத்திருப்பார்கள். வீட்டில் பார்க்கும் சாதாரணச் செய்தி அலைவரிசையைப் போடச் சொல்லுங்கள். முகங்களின் நிறம் இயல்பாக உள்ளதா, இருண்ட காட்சியில் உருவங்கள் பிரிந்து தெரிகின்றனவா என்று பாருங்கள். நோயாளி படுக்கையிலிருந்து சாய்வாகப் பார்ப்பவரானால், நீங்களும் பக்கவாட்டில் நின்று பாருங்கள். 'ஐ.பி.எஸ்.' வகைத் திரையில் பக்கவாட்டிலும் நிறம் அதிகம் மாறாது, 'வி.ஏ.' வகையில் நேர்ப்பார்வையில் கருமை ஆழமாக இருக்கும். முகம் பார்க்கும் கண்ணாடி போல் பளபளக்கும் திரையைத் தவிர்ப்பது நலம். 32 அங்குலத்துக்கு மேற்பட்ட பெட்டிகளுக்கு 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பழைய விலைப்பட்டியலை நம்பாதீர்கள்.

வீட்டில் வைக்கும் முறை

சன்னலுக்கு நேரெதிரே திரையை வைக்காதீர்கள். இரவில் அறை விளக்கை முழுவதும் அணைக்க வேண்டாம். வெள்ளெழுத்துக்கான இருபகுதிக் கண்ணாடி அணிந்து மல்லாந்து படுத்துப் பார்ப்பவர், தம்மை அறியாமலேயே கீழ்ப்பகுதி வழியாகப் பார்ப்பார், படம் கலங்கும். தலையணையை உயர்த்துங்கள், அல்லது தூரப்பார்வைக்குத் தனிக் கண்ணாடி கேளுங்கள்.

சிகிச்சைக்குப் பிறகும் பார்வை குறைந்தே இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 6 அடியிலிருந்து 3 அடிக்கு நாற்காலியை நகர்த்தினால் எழுத்து இருமடங்காகத் தெரியும். அருகில் அமர்வதால் பெரியவர்களின் கண் கெட்டுவிடாது. குழந்தை திரையை ஒட்டியே போய் அமர்ந்தால் மட்டும், கிட்டப்பார்வை உண்டா என்று சோதிக்க அழைத்து வாருங்கள்.

புரை நீங்கிய மறுநாள், "வெள்ளை இவ்வளவு வெள்ளையா?" என்று வியப்பவர்கள் பலர். மஞ்சளித்த வில்லை அகன்றதால் வரும் தெளிவு அது. எனவே முதலில் கண்ணைக் காட்டுங்கள். அதன் பிறகும் பெட்டி மங்கலாகத் தெரிந்தால், கடைக்குச் செல்லுங்கள்.