ஔகாரமும் ளகரமும்: இணையப் பக்கங்களில் தேடி மாற்றுதலின் மொழியியல் எல்லைகள்

1. முன்னுரை

தமிழ் இணையப் பக்கங்களில் 'கௌதமர்' என்னும் பெயரைத் தேடுவோர்க்கு அப்பெயர் வரும் இடங்கள் அனைத்தும் கிடைப்பதில்லை. பல பக்கங்களில் அது 'கெளதமர்' என உள்ளிடப்பட்டிருத்தலே காரணம். அச்சில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகத் தோன்றினும் கணினிக்கு அவை வெவ்வேறு சொற்கள். சொல்லடைவு, சொல்வருகை எண்ணிக்கை, அகராதித் தொகுப்பு ஆகிய பணிகளில் இதனால் ஒரு சொல் இரண்டாகப் பிளவுபடுகிறது. இப்பிழையைப் பல்லாயிரம் பக்கங்களில் ஒருங்கே களைய உதவும் கருவி சுருங்குறித்தொடர் ஆகும். அதன் ஆற்றலையும் எல்லையையும் விளக்குவது இக்கட்டுரையின் நோக்கம்.

2. சுருங்குறித்தொடர்

ரெகுலர் எக்ஸ்பிரஷன் எனப்படும் சுருங்குறித்தொடர், ஒரு குறிப்பிட்ட சொல்லையன்றி ஒரு சொல்வடிவத்தைச் சுட்டுவது. இதன் கணிதக் கருத்தை ஸ்டீபன் கிளீனி 1950களில் வகுத்தார். கென் தாம்சன் 1968இல் இதனை உரைத்தேடலுக்கு ஏற்ற நிரலாக்கினார்.

[க-ஹ] என்பது அவ்வரிசைக்குள் அமையும் எழுத்துகளுள் ஏதேனும் ஒன்றைக் குறிக்கும். இணையப் பக்கத்தின் குறிச்சொற்களை நீக்க <.*> என எழுதினால், ஒரு வரியின் முதற் குறிச்சொல் தொடங்கி இறுதிக் குறிச்சொல் வரை இடைப்பட்ட உரையும் சேர்ந்து நீங்கிவிடும். விண்மீன் குறி இயன்ற அளவு மிகுதியாகக் கவர்வதே அதற்குக் காரணம். <[^>]*> என எழுதின் ஒவ்வொரு குறிச்சொல்லும் தனித்தனியே பொருந்தும்.

ஒரு வடிவத்தின் பின் இன்னது வரலாகாது என்னும் நிபந்தனையை (?!...) என்னும் அமைப்பு குறிக்கும். 'இச்சூழலில் இது இதுவாகும்' என எழுதும் ஒலியனியல் விதிக்கு இது நெருங்கிய உறவுடையது.

3. ஔகாரச் சிக்கல்

ஒருங்குறியில் 'ௌ' ஒரு தனிக் குறியீடு. அதன் வலக்கூறு ளகரத்தின் வடிவை ஒத்திருப்பினும் ளகரம் அன்று. உள்ளிடுவோர் ஒற்றைக்கொம்பையும் ளகரத்தையும் அடுத்தடுத்துத் தட்டுவதால் 'கெளதமர்' பிறக்கிறது. இவ்வாறே 'ஔவை' என்பது 'ஒளவை' ஆகிறது.

'ெள' என வருமிடமெல்லாம் 'ௌ' என மாற்றினால் 'தெளிவு', 'வெள்ளி', 'கெளுத்தி' முதலியன சிதையும். ஆகவே ளகரத்தின் பின் உயிர்க்குறியோ புள்ளியோ வரலாகாது என நிபந்தனை இட வேண்டும்:

ெள(?![ா-்]) → ௌ

இவ்விதியால் 'கெளரவம்', 'மெளனம்', 'வெளவால்' ஆகியன திருந்தும். 'தெளிவு', 'வெள்ளி' முதலியன காக்கப்படும். ஒள(?![ா-்]) → ஔ என்னும் இணைவிதி 'ஒளவை'யைத் திருத்தி 'ஒளி'யை விட்டுவிடும். எழுத்துத் தமிழைப் பொறுத்தவரை இவ்விதிகள் பெரிதும் போதுமானவை.

4. பேச்சுவழக்கு தரும் சான்று

சிறுகதை, நாவல், நாட்டார் வழக்காறு ஆகியவை இடம்பெறும் பக்கங்களில் நிலைமை வேறு. இரண்டாம் அசையில் அகரமோ ஐகாரமோ வரும்போது முதலசையின் இகரம் எகரமாகவும், உகரம் ஒகரமாகவும் தாழ்வது பேச்சுத் தமிழின் இயல்பு. இலை > எலை, குடை > கொடை என்பன அறிந்தவை. இவ்விதிப்படி, கிளம்பு > கெளம்பு, விளக்கு > வெளக்கு, மிளகு > மெளகு, உளறு > ஒளறு எனவும் வரும்.

இவற்றுள் ளகரம் அகரம் ஏறிய உண்மையான உயிர்மெய். எனினும் மேற்கண்ட விதிகள் இவற்றையும் 'கௌம்பு', 'வௌக்கு', 'மௌகு', 'ஔறு' என ஆக்கிவிடும். அடுத்து வரும் எழுத்தின் தன்மையைக் கொண்டு இவற்றைப் பிரிக்கவும் இயலாது. 'வெளக்கு' போன்றே 'செளக்கியம்' என்பதிலும் மெய்ம்மயக்கம் உண்டு. 'மெளனம்' போன்றே 'மெளகு' என்பதிலும் தனிமெய் வருகிறது. ஆக, வடிவம் மட்டும் கொண்டு முடிவு செய்ய வழியில்லை, சொல்லறிவு தேவை.

5. மலையாள ஒப்பீடு

திருவனந்தபுரத்தில் இருந்து இருமொழித் தரவுகளையும் கையாளுவோர்க்கு மலையாளச் சில்லெழுத்துகள் நல்ல ஒப்பீடு. இவை முன்னர் மெய்யெழுத்து, சந்திரக்கலை, புலப்படா இணைப்புக்குறி என்னும் மூன்றன் தொடராக எழுதப்பட்டன. 2008இல் வெளிவந்த ஒருங்குறி 5.1 பதிப்பு ஆறு சில்லெழுத்துகளுக்குத் தனிக் குறியீடு அளித்தது. எனவே ஒரே சொல் இருவகையாகச் சேமிக்கப்படும் நிலை அங்கும் எழுந்தது. ஆயினும் பழைய தொடரைப் புதிய குறியீடாக மாற்றும்போது ஒரு சொல் வேறொரு சொல்லாவதில்லை. அது குறியீட்டு மாற்றமே. தமிழ் ஔகார மாற்றமோ எழுத்துப்பிழைத் திருத்தம். எது பிழை என்பதைக் குறியீடு கூறாது, மொழியே கூறும்.

6. பரிந்துரைக்கத்தக்க நெறி

(அ) முதலில் மாற்றாமல் தேடுக. பொருந்தும் இடங்களை முன்பின் சொற்களுடன் அடைவாக்கி அகரவரிசைப்படுத்துக.

(ஆ) ஔகாரச் சொற்கள் சிலவே, பெரும்பாலன வடசொற்கள். ஆதலால் பொதுவிதிக்கு மாறாகச் சொற்பட்டியல் விதி அமைத்தல் எளிது: கெள(?=தம|ரவ) → கௌ; மெள(?=ன) → மௌ.

(இ) சொல்லெல்லையைக் குறிக்கும் ஆயத்தக் குறியை நம்பலாகாது. பல நிரல்மொழிகளில் அது உயிர்க்குறியையும் புள்ளியையும் எழுத்தாகக் கொள்வதில்லை. சொல்லின் நடுவிலேயே எல்லை காணும்.

(ஈ) மூலப் படியைத் தனியே காத்து, மாற்றத்தின் முன்னும் பின்னும் எண்ணிக்கையை ஒப்பிடுக.

7. முடிவுரை

'கெளம்பு' என்பது ஒருமுறை 'கௌம்பு' ஆகிவிட்டால், மூலப்படி இல்லாத நிலையில், இயல்பாக எழுதப்பட்ட ஔகாரத்திற்கும் விதியால் புகுந்த ஔகாரத்திற்கும் பொதுவிதி எதனாலும் வேறுபாடு காண இயலாது. வட்டார வழக்கின் உயிர்மாற்றத்திற்கு எழுத்தில் எஞ்சிய சான்று அத்துடன் மறையும். எழுத்துப்பிழை நீக்கம் மொழிச்சான்று நீக்கமாக ஆகாதிருக்க வேண்டுமாயின், விதியை எழுதும் பணியில் நிரலாளருடன் மொழியியலாரும் அமர்தல் வேண்டும்.